அத்தை கழற்றிய போர்டு

நாற்பதை நோக்கி நடந்துகொண்டிருக்கும் என் வயதுத் தோழர்களே, போன மாதம் நாம் ஏழெட்டுப் பேர் கூடிச் சாப்பிட்டோமே, அன்றைக்கு மேசையில் வந்த வாக்குவாதம் நினைவிருக்கிறதா? பில்லோடு எவ்வளவு வைப்பது என்றுதான் ஆரம்பித்தது. எதுவும் வைக்கக் கூடாது, முதலாளி ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தால் போதும் என்றார் ஒருவர். நீ இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாய், நமக்குப் பரிமாறிய இந்த மனுஷர் இன்றைக்கு வீட்டுக்கு என்ன கொண்டுபோவார் என்று சண்டைக்கு வந்தார் இன்னொருவர். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. என்ன இவ்வளவு அமைதி என்று கேட்டீர்கள். நான் அப்போது உங்களோடு இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

சுனாமி வந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருந்த கோடை. எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் தம்பிக்கு அம்மை போட்டிருந்ததால், எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அம்மா என்னைக் கடலூருக்கு பஸ் ஏற்றிவிட்டார். அங்கே இருந்தவர் அப்பாவின் அக்கா. மாமா இறந்து ரொம்ப நாளாகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. அத்தை அந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்தார். வயசுப் பெண்ணைப் பகல் முழுக்கத் தனியாகப் பூட்டிவிட்டுப் போக மனசில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். தம்பிக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் நான் ஊருக்குத் திரும்பவில்லை. லீவுதானே.

அந்த ஆஸ்பத்திரியின் வாசனையை இன்றைக்கும் என்னால் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியும். டெட்டால், கொதிக்கிற வெந்நீர், பிள்ளை பெற்றவர்களுக்கு வீட்டிலிருந்து வரும் பூண்டுக் குழம்பு, தலைமாட்டில் வாடிக்கிடக்கும் மல்லிப்பூ. மதியம் மூன்று மணிக்குமேல் கடற்காற்று வந்து எல்லாவற்றையும் ஒரு கலக்குக் கலக்கிவிட்டுப் போகும். கரண்ட் போனால் வார்டு முழுக்க விசிறி மட்டை அடிக்கிற சத்தம் கேட்கும். பிறக்கப்போகிற பிள்ளைக்காக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து எடுத்து வருவார்கள். துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆகியிருக்கும் அந்தத் துணி. இன்றைக்குப் பிறக்கிற பிள்ளைகளைப் பளபளவென்ற கடைத்துணியில் சுற்றிவிடுகிறார்கள். தாத்தாவின் வேட்டியில் சுற்றப்பட்ட கடைசிப் பிள்ளைகள் நம் தம்பி தங்கைகளாகத்தான் இருக்கும்.

அங்கே நான்கு ஆயாக்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் பெரிய ஆயா என்பார்கள். குள்ளமான, கனத்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பேறிய வாய். குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே தூக்கி வருவது பெரும்பாலும் அவர்தான். பிரசவ அறைக் கதவு திறந்ததும் சொந்தக்காரர்கள் ஓடி வருவார்கள். பெரிய ஆயா பிள்ளையை மார்போடு அணைத்தபடி வாசலை அடைத்து நின்றுகொள்வார்.

“சிங்கக்குட்டி பொறந்திருக்கு. சந்தோஷமா எதனா குடுங்க. குடுத்துட்டு வாங்கிக்குங்க.”

பையன் என்றால் பெரிய நோட்டு வரும். அது போதாது என்று பேரம் பேசி இன்னொன்றும் வரும். பெண் என்றால் பெரிய ஆயாவின் குரலே இறங்கிவிடும். “மகாலச்சுமி வந்திருக்கா” என்பார். எதிரே நிற்பவர்களின் கையும் மெதுவாகத்தான் பைக்குள் போகும். வந்ததை நால்வரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். சம்பளம் என்று ஆஸ்பத்திரி கொடுத்தது வீட்டு வாடகைக்கே பற்றாது. வெளியில்தான் வருகிறதே என்பது அங்கே எல்லோருக்கும் பழகிப்போன நியாயம்.

ஒருநாள் பெரிய ஆயா வரவில்லை. அத்தை பிள்ளையைத் தூக்கி வந்தார். அதே வாசல். அதே வார்த்தை. “சந்தோஷமா எதனா குடுங்க.” நான் படியிலிருந்து எழுந்து கீழே ஓடிவிட்டேன். எனக்கு அவ்வளவு வெட்கம். இத்தனைக்கும் என் அப்பா சிதம்பரத்தில் கோயிலுக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் சப்ளையர். வெளியூர்க்காரர்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும் காசில்தான் எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது, தீபாவளிப் பாவாடை வந்தது. அதில் ஒருநாளும் வெட்கப்படாதவள் அத்தையைப் பார்த்து வெட்கப்பட்டேன். அப்பாவுக்குத் தானாக வந்தது, அத்தை கேட்டு வாங்கினார். என் சின்னப் புத்திக்கு அந்த ஒரு வித்தியாசம் போதுமாக இருந்தது.

பிறகு குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு தறிக்காரரின் மனைவி பிரசவத்துக்கு வந்தார். ஏற்கெனவே இரண்டு பெண்கள். மூன்றாவதும் பெண். மாமியார் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். மூன்றாம் நாள் காலையில் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகிறபோது பெரிய ஆயா கேட்டார், துணி மாற்றிய ஆயா கேட்டார், கேட்டைத் திறந்துவிட்டவரும் தலையைச் சொறிந்தார். அந்த மனிதர் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

அத்தையும் நானும் டீ வாங்கப் போனபோது, கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் அந்தப் பெண் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். உச்சி வெயில். கணவர் கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, பஸ்ஸுக்குப் போவலியா?” என்றார் அத்தை.

அந்தப் பெண் சிரிக்க முயற்சி செய்தார். “தெரிஞ்சவுங்க யாராச்சும் இந்தப் பக்கமா வருவாங்களான்னு அவுரு பாக்கறாரு ஆயாம்மா. பஸ்ஸுக்கு வச்சிருந்தது... உள்ளயே ஆயிடுச்சு.”

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். இருந்த காசை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூடவே போய், ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்துவிட்டு வந்தார். டீத்தூக்கு காலியாகவே என் கையில் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது அத்தை சொன்னார்: “அவுங்க உள்ள குடுத்ததுல என் பங்கும் இருந்துச்சு பாப்பா. காலையில அத வச்சிதான் நாம இட்லி வாங்கித் துன்னோம்.”

மறுநாள் அத்தை, ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போய்த் திரைச்சீலைக்கு வெளியே நின்றேன். டாக்டரம்மா கெட்டவர் இல்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார். ஏழைகளிடம் பீஸைக் குறைத்துக்கொள்வார். அவரிடம் போய் ஓர் ஆயா உட்காராமல் நின்றபடி இப்படிக் கேட்டார்:

“டாக்டரம்மா, நீங்க பிரசவம் பாக்கறதுக்கு பையனுக்கு ஒரு பீஸு, பொண்ணுக்கு ஒரு பீஸா வாங்கறீங்க?”

“இதென்ன கேள்வி? ரெண்டும் ஒண்ணுதான்.”

“எங்களுக்கு ஒண்ணு இல்லிங்களே. பையன் பொறந்தா நாங்க நல்லா சாப்புடறோம். பொண்ணு பொறந்தா கம்மியா சாப்புடறோம். உள்ள ஒரு பொண்ணு வலியில கத்தும்போது, வெளிய நாங்க ஆம்பளப் புள்ளையா இருக்கணுமேன்னு சாமிய வேண்டிக்கறோம். எங்க வயித்துக்காக. இது அசிங்கமா இல்லிங்களா?”

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“நான் யாரையும் காசு கேக்கச் சொல்லலியே,” என்றார் டாக்டரம்மா.

“கேக்காம இருக்கற மாதிரி சம்பளமும் குடுக்கலிங்களே. அத ஒழுங்கா குடுங்க. ஒரு பைசா எவுங்ககிட்டயும் வாங்க மாட்டோம். அதுக்கு நான் பொறுப்பு.”

பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. இரண்டே நாளில் வரவேற்பறைச் சுவரில் ஒரு போர்டு ஏறியது. நீல எழுத்து, வெள்ளைப் பலகை. ‘ஊழியர்களுக்கு இனாம் கொடுக்காதீர்கள்.’ சம்பள நாள் வந்தது. கவரில் பழைய சம்பளமே இருந்தது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அந்த ஒரு மாதம் அத்தை பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். போர்டைக் காட்டிச் சொந்தக்காரர்கள் பையை மூடிக்கொண்டார்கள். மற்ற ஆயாக்கள் அத்தையோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். பெரிய ஆயா நேரிலேயே கேட்டார்: “உனக்கு ஒரு வயிறு. எங்க வீட்ல படுத்துக் கெடக்கற மனுசனோட சேத்து அஞ்சு வயிறு. நியாயம் பேசறவ இத யோசிச்சியா?” வீட்டில் எங்களுக்கு மூன்று வேளையும் ரசமும் சுட்ட அப்பளமும் ஆனது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம்.

அப்பா என்னைப் பார்க்க வந்தபோது எல்லாம் தெரிந்து கத்தினார்.

“யக்கா, ஒனக்கு இன்னா வந்துச்சு? குடுக்கறவன் குடுக்கறான், வாங்கறவன் வாங்கறான். நான் வாங்கலியா? ரெண்டாவது வாட்டி சாம்பார் கேக்கறதுக்கு முன்னாடி ஊத்தறேன். கொழந்தைக்குக் காரமில்லாத தோச வாங்கித் தர்றேன். அதுக்கு மனசு நெறஞ்சி வைக்கறான். அது என் தொழிலுக்குக் கெடைக்கற மரியாத.”

“மரியாததான் தம்பி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா சாப்புட ஆள் வராத அன்னிக்கு? மழ பேஞ்சி ஓட்டல் காலியா கெடக்கற அன்னிக்கு நீ கம்மியாவா நிக்கற? காலு வலிக்காம இருக்குதா? ஒனக்குச் சோறு போட வேண்டியவரு ஒங்க மொதலாளி. அவுரு அத வழியில போறவன் மனசுல கொண்டு போயி வச்சிருக்காரு.”

“அப்ப நான் பிச்ச எடுக்கறன்ற.”

“ஐயோ, அப்படிச் சொல்லலடா.”

அப்பா சாப்பிடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அத்தை தட்டில் போட்ட சோற்றை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் அன்றைக்கு அப்பா பக்கம்தான். அத்தை திமிர் பிடித்தவர், எல்லோரோடும் சண்டைக்குப் போகிறவர் என்று அம்மாவுக்கு போன் போட்டே சொன்னேன். ரசம் சோறு தின்று சலித்த பிள்ளையின் நியாயம் அது.

அடுத்த சம்பள நாள். அந்தத் தடவையும் கவரில் மாற்றம் இல்லை. அத்தை கவரை டாக்டரம்மாவின் மேசைமேல் திரும்ப வைத்தார். வெளியே வந்து, வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். போர்டை ஆணியிலிருந்து கழற்றி, முந்தானையால் தூசி துடைத்து, உள்ளே கொண்டுபோய்க் கவருக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நீங்க பாதிதான் செஞ்சிருக்கீங்க டாக்டரம்மா. மீதிப் பாதியையும் செய்யும்போது மாட்டிக்கலாம்.”

குரல் உயரவே இல்லை.

“நீ வீட்டுக்குப் போ,” என்றார் டாக்டரம்மா.

மூன்று நாள் வீட்டில் இருந்தோம். அத்தை பாத்திரங்களையெல்லாம் எடுத்துப் போட்டுப் புளி வைத்துத் தேய்த்தார். வேறு எங்கே வேலை கேட்பது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். மூன்றாம் நாள் மதியம் வாசலில் செருப்புச் சத்தம். பெரிய ஆயா நின்றார். பின்னால் மற்ற இருவரும். பெரிய ஆயா உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்ததும் சிரிக்க ஆரம்பித்தார். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“கேளுடி கூத்த. நேத்து காலையில ரெண்டு பிரசவம். நீ இல்ல. நாங்க மூணு பேரும் ஒருத்திகிட்ட மாட்டிக்கினோம், அப்பதான் ரத்தம் நின்னிருந்துச்சு, அவள விட்டு நகர முடியல. இன்னொரு புள்ளைய டாக்டரம்மாவே சுத்தித் தூக்கிக்கினு வெளிய போயிட்டாங்க. பச்ச கவுனு, தலையில குல்லா, மூஞ்சில துணி. யாருன்னு தெரியல. அந்த வீட்டுப் பெரிய மனுசன் புள்ளைய வாங்கிக்கினு, பத்து ரூவாய மடிச்சி அவுங்க உள்ளங்கையில அழுத்தி, ‘பொண்ணுதான, இது போதும் ஆயா, போ’ன்னுட்டான்!”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

“அவுங்க அப்புடியே நின்னாங்கடி. அந்த நோட்டப் பாத்துக்கினே நின்னாங்க. உள்ள வந்து எங்கிட்ட கேட்டாங்க, ‘தெனமும் இப்படித்தானா’ன்னு. ‘இதுவே ஜாஸ்தி டாக்டரம்மா’ன்னு சொன்னேன்.” பெரிய ஆயாவின் சிரிப்பு நின்றிருந்தது. “கெளம்பு. ஒன்ன கூட்டியாரச் சொன்னாங்க. நானும் சொல்லிட்டேன், அவ வர்றதா இருந்தா சம்பளத்த ஏத்துங்க, இல்லன்னா நாங்களும் போறோம்னு.”

சம்பளம் உயர்ந்தது. கேட்ட அளவுக்கு இல்லை, என்றாலும் வாடகை கொடுத்து மாதம் முழுக்கச் சமைத்துச் சாப்பிடுகிற அளவுக்கு. ஆணோ பெண்ணோ, பிரசவ பில்லில் ஒரே மாதிரி கொஞ்சம் கூடியது. டாக்டரம்மாவே ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அத்தை ஏறிப் போர்டை மாட்டினார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த வாரமே பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பாய் பேரன் பிறந்த சந்தோஷத்தில் நோட்டை நீட்ட, அத்தை மறுக்க, அவருக்கு முகமே சுருங்கிவிட்டது. “இருவது வருஷம் வெளிநாட்ல தனியா கெடந்து சம்பாதிச்ச காசும்மா. என் சந்தோஷத்துக்குக் குடுக்கறேன். வாணாம்னு சொல்ல நீங்க யாரு?” என்றார். அத்தைக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. யோசித்து, “எங்களுக்கு மட்டும் வாணாம் பாய். எல்லாருக்கும் வாங்கிக் குடுங்க” என்றார். அரை மணியில் பெரிய பொட்டலம் நிறையச் சூடான சம்சா வந்தது. வார்டிலிருந்தவர்கள், வாட்ச்மேன், டாக்டரம்மா, மாடிப்படியில் இருந்த நான், எல்லோரும் தின்றோம். பெண் பிள்ளை பெற்று முகம் வாடிப் படுத்திருந்த ஒரு பெண்ணுக்குப் பாயே தன் கையால் இரண்டு கொடுத்தார்.

பெரிய ஆயாவுக்கு மட்டும் கடைசிவரை நஷ்டம்தான். அவருடைய பேச்சுக்கு வந்த வரும்படியைச் சம்பளம் ஈடுகட்டவில்லை. அது தெரிந்தேதான் அத்தைக்காக நின்றிருக்கிறார். ஒரு வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டப் போனார் என்று கேள்விப்பட்டேன். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பேராசைக்காரி என்று அவரை நினைத்திருந்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அப்பாவும் அத்தையும் அடுத்த பொங்கலுக்குள் பேசிக்கொண்டுவிட்டார்கள். அப்பா ஓட்டல் வேலையிலிருந்து நின்ற வருடம் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “ஒங்கத்த சொன்னது சரிதாம்மா. சம்பளம் ஒழுங்கா இருந்திருந்தா, வர்றவன் மூஞ்சியப் பாத்துப் பாத்து சிரிச்சிருக்க வாணாம். ஆனா ஒருத்தன் சாப்புட்டு எழுந்து, நம்ம பேரக் கேட்டு, மனசோட வச்சிட்டுப் போவான் பாரு. அந்தக் குளிர்ச்சியையும் பொய்னு சொல்ல வாய் வரல.” இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்கு முடிந்தது. அன்றைக்கு மேசையில் உங்களில் யாருக்கும் பதில் சொல்ல எனக்கு வராமல் போனதற்கு இதுதான் காரணம்.

அந்தக் கோடையின் கடைசியில், பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்தது. சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஏற வேண்டும். துணிப்பையோடு படியில் அத்தைக்காகக் காத்திருந்தேன். பிரசவ அறைக் கதவுக்கு வெளியே ஓர் இளைஞர் தனியாக நின்றிருந்தார். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூள். கட்டட வேலையிலிருந்து நேராக ஓடி வந்திருக்க வேண்டும். கூட வேறு யாரும் இல்லை.

கதவு திறந்தது. அத்தை வெள்ளைத் துணிச் சுருளோடு வெளியே வந்தார்.

“பொண்ணு பொறந்திருக்குப்பா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

அந்த இளைஞர் அவசரமாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். பீடிக்கட்டு வந்தது, பஸ் டிக்கெட் வந்தது, கசங்கிய நோட்டு ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கே போதாது என்று பட்டிருக்க வேண்டும். இன்னொரு பையைத் துழாவினார்.

“பையத் தேடறத விடுப்பா,” என்றார் அத்தை. “எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. நீ ரெண்டு கையையும் கொண்டா. மொதல்ல தலையத் தாங்கிப் புடி.”

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் கால்சட்டையில் அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டு நீட்டினார்.